பெரியவருக்குச் சான்று

'ஆதாரம்' என்ற சொல்லை நம் ஊரில் இனி யாரும் நிம்மதியாகப் பயன்படுத்த முடியாது. நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், கணவர் வீட்டு வம்சத்தை ஒரு மென்பொருளில் ஏற்றத் தொடங்கியிருந்தேன். கைப்பேசியில் இருக்கும் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "எல்லோரும் அவரவர் பிறந்த தேதியையும் அதற்கான ஆதாரத்தையும் அனுப்பவும்." சாயங்காலத்துக்குள் என் கைப்பேசி நிறைய ஆதார் அட்டைகள். முன்பக்கம், பின்பக்கம், பிளாஸ்டிக் உறையோடு எடுத்தது, உறையைக் கழற்றி எடுத்தது. ஒரு நாத்தனார் எதற்கும் இருக்கட்டும் என்று பான் கார்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கணவரின் அண்ணன் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, லோன் ஏதாவது போடுறியா? எங்க பேர்லயா?" என்று கேட்டார். குரலில் பதற்றம் தெரிந்தது.

அட்டைகளை அடுக்கிப் பார்த்தால் பாதிக் குடும்பம் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளில் வாத்தியார் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, அவர் இஷ்டத்துக்குப் போட்ட தேதிகள். அதுதான் இன்றைக்கு அரசாங்கத்தின் கண்ணில் அவர்கள் பிறந்த நாள். அன்றோடு ஆதாரம் என்ற சொல்லை விட்டுவிட்டு, சான்று என்று சொல்ல ஆரம்பித்தேன்.

சான்று விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. குறை இருக்கிறது என்று சும்மா சொல்லிவிட முடியாது. எங்கே பார்த்தாய், என்ன செய்தபோது வந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் எழுதியவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அப்படியே பழகிப்போன புத்தி, குடும்ப விஷயத்துக்கும் வந்துவிட்டது. சான்று இல்லாமல் ஒரு பெட்டியும் கிடையாது என்று ஒரு விதி போட்டுக்கொண்டேன். திரையில் விரியும் வம்ச மரத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிறப்பு, படிப்பு, வேலை, இருந்த ஊர், இறப்பு. ஒவ்வொன்றுக்கும் அடியில், இதை யார் சொன்னது, எதில் பார்த்தது என்ற சான்று. "நம்ம கல்யாணம் நடந்ததுக்காவது சான்று கிடைச்சுதா?" என்று என் கணவர் கேலி செய்வார். பத்திரிகை இருந்தது. அதையும் ஏற்றினேன்.

முதலில் ஒவ்வொரு தகவலுக்கும் சான்றை முழுதாகத் தட்டினேன். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தால் மாப்பிள்ளை, பெண், இரு பக்கத்துப் பெற்றோர், தாய்மாமன், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று கீழே வரிசை கட்டி நிற்கும் சித்தப்பா பெரியப்பாக்கள் என்று ஒரு பட்டாளமே வரும். அத்தனை பேருக்கும் ஒரே பத்திரிகையின் விவரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் விரல் தேய்ந்துவிடும். அப்புறம்தான் அந்த வசதி கண்ணில் பட்டது. சான்றை ஒரே ஒரு முறை ஒழுங்காக எழுதி, நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் போதும். பிறகு எந்தெந்தத் தகவலுக்கு வேண்டுமோ அதற்கெல்லாம் டிக் போட்டு, ஒரே சொடுக்கில் ஒட்டிவிடலாம். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வாரம் இழுத்த வேலை ஒரு மதியத்தில் முடிந்தது.

ஒட்டும்போது கூடவே ஒரு சிறிய கட்டம் வரும். இந்தத் தகவலைச் சொன்னவர் எந்த வார்த்தையில் சொன்னார், பதிவில் எந்த இடத்தில் வருகிறது என்று அதில் எழுதலாம். எழுதாவிட்டாலும் மென்பொருள் கோபித்துக்கொள்ளாது. நான் எழுதவில்லை. அதையும் எழுதிக்கொண்டிருந்தால் ஒட்டுவதில் மிச்சமாகும் நேரம் எங்கே போவது?

எங்கள் வீடு ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில், ஒரு படுக்கையறை வீட்டில், அக்கா தனியாக இருக்கிறார். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் மூத்த அண்ணன் மனைவியை. ஓரகத்தி என்ற சொல் ஏனோ எனக்கு வாயில் நிற்காது; வந்த நாளிலிருந்தே அக்காதான். ஆரணிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்குக் கல்யாணமாகி வந்தவர். என் மாமனாருக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை. பிறகு அக்காவின் கணவருக்கும் அங்கேயே; அவர் இப்போது இல்லை. என் கணவர் அந்த வீட்டின் கடைக்குட்டி. அக்கா மருமகளாக வந்தபோது இவர் அரைக்கால் சட்டை போடுகிற வயது. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது எனக்குச் சொல்லப்பட்டது ஒரே வரிதான்: மூத்தவருக்குக் குழந்தை இல்லை. அதற்கு நான் சான்று கேட்கவில்லை.

காணும் பொங்கலுக்கு மொத்தக் குடும்பமும் எங்கள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அதற்குள் மரத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து ஹாலில் மாட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். மார்கழியில் ஒரு மதியம் அக்கா மாடிக்கு வந்தார். மடிக்கணினியில் மரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொருவர் பெட்டியாக விரல் வைத்து, கீழே கோடு போகும் வழியெல்லாம் போய், பேரன் பேத்திகள் வரை படித்தார். கடைசியில் தன் பெட்டிக்கும் தன் கணவரின் பெட்டிக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"எல்லாருக்கும் கீழ கோடு கீது. எங்களுக்கு மட்டும் நின்னு போச்சே?"

"கீழ போட யாரும் இல்லேன்னா கோடு நின்னுடும்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, இதை இப்படியா சொல்வது என்று.

அக்கா ஒன்றும் தப்பாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "சர்டிபிகேட் எல்லாம் இருந்தாத்தான் இதுல ஏத்துவியா?"

"அப்படி இல்லக்கா. நேர்ல பார்த்தவங்க சொன்னா அதுவும் சான்றுதான். சொன்னவங்க பேர், தேதி போட்டு ஏத்திடுவேன்."

"அப்போ நான் சொல்றேன். ஏத்திக்கோ."

அவர் கேட்டது தன் பெட்டிக்குக் கீழே ஒரு கோடு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் என் மண்டையில் அது ஏறவே இல்லை. மரத்தின் உச்சியில் இருந்த ஒரு பெட்டி அப்போது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. என் மாமனாரின் அப்பா. வெறும் பெயர் மட்டும்தான் கிடைத்திருந்தது. எங்கே இருந்தார், எப்படி இருந்தார், எப்படிப் போனார், ஒன்றும் தெரியாது. அக்கா அந்தக் காலத்து மனுஷி, அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பொங்கலுக்கு முந்திய மொச்சைக் காய் சீசன். அக்கா முறத்தில் காயைக் கொட்டிக்கொண்டு உரிப்பார். நான் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பதிவைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து நானும் உரிப்பேன். பேட்டி எடுக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். அதனால் வாயைத் திறக்காமல் கேட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

குவார்ட்டர்ஸ் வீட்டைப் பற்றி, தண்ணீர் வரும் நேரம் பற்றி, மாமா சங்குச் சத்தம் கேட்டதும் சைக்கிளில் கிளம்புவது பற்றி எல்லாம் சொன்னார். மாமா என்றால் எங்கள் மாமனார். இரண்டு பேருக்கும் அவர் மாமாதான். பிறகு பெரியவர் பேச்சு வந்தது.

"பெரியவரு ரொம்ப நல்லவரு. ஒரு தொந்தரவு கிடையாது. பகலெல்லாம் தூங்குவாரு. ராவானா முழிச்சிகினு, மோட்டுவளையப் பாத்துகினு கெடப்பாரு."

"பல்லு கிடையாது. சோத்தைக் கொழைய மசிச்சி, ரசம் ஊத்தி நான்தான் ஊட்டுவேன். வேற யாரு ஊட்னாலும் துப்பிடுவாரு. தலையில நாலு முடிதான். அதையும் வாரி உட்டாத்தான் எனக்குத் திருப்தி."

"நடக்க முடியாது இல்ல? மாமா வேலைக்குப் போய்ட்டு வந்ததும் தோள்ல தூக்கிகினு குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுத்திக் காட்டுவாரு. அப்போ பாக்கணுமே பெரியவரு சிரிப்பை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தள்ளாத வயதில் அப்பாவைத் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை! அன்று சாயங்காலம் என் கணவரிடம், "உங்க அப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுமா? நீங்க உங்க அப்பாவை ஆட்டோ வச்சுக்கூட எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல" என்று ஒரு வாங்கு வாங்கினேன். என்ன ஏது என்று புரியாமல் அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். ஆனால் நான் சத்தம் போட ஆரம்பித்தால் கேள்வி கேட்காமல் இருப்பது அவருடைய நெடுநாள் பழக்கம்.

கடைசி நாள் பேச்சில் அக்கா சொன்னார். "ஆடி மாசம் காய்ச்சல் வந்திச்சு. ரெண்டு நாள்ல ஒண்ணும் இல்லாம போச்சு. என் மடியிலதான் உயிர் போச்சு. ஏரிக்கு அந்தப் பக்கமா கொண்டுபோய்ப் பொதைச்சிட்டு வந்தாங்க. என்னை வர உடல."

இந்தக் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். புதைத்தார்களா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்தக் காலத்தில் ஏதாவது வசதிக் குறைவாக இருந்திருக்கும் என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அக்கா முறத்தைத் தட்டித் தொலியைக் கொட்டிவிட்டு, "எல்லாம் பதிவாச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆச்சுக்கா என்றேன்.

எல்லாவற்றையும் ஏற்றினேன். உச்சிப் பெட்டி நிரம்பியது. கடைசிக் காலத்தில் இருந்த இடம், ஆவடி. உடல்நிலை, நடக்க இயலாது. இறந்தது ஆடி மாதம், காய்ச்சல். அடக்கம், ஏரிக்கரை. அக்காவின் குரல் பதிவு என்று சான்றை ஒரு தடவை எழுதினேன், எல்லாத் தகவலுக்கும் டிக் போட்டேன், ஒரே சொடுக்கு. ஆண்டு எதுவும் போடாததால், காலம் இடிக்கிறது என்று மென்பொருளும் வாயைத் திறக்கவில்லை. நேரில் பார்த்தவர் சொன்னது என்பதால் சான்றின் தரத்துக்கு முதல் தரம் என்று குறித்தேன். குறித்துவிட்டு எழுந்து போய், என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடை. கடைக்காரர் திரையில் மரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மலைத்துப்போனார்.

"இன்னாக்கா, இத்தினி பெட்டி கீது? கட்சி பேனர்லகூட இத்தினி பேரு வராதே."

"எல்லாம் ஒரே குடும்பம்தாங்க."

"சரி, மொதல்ல பேப்பர்ல ஒண்ணு அடிச்சுத் தரேன். ஊட்டுக்கு எட்துகினு போய் எல்லாருகிட்டயும் காட்டு. ஃபிளெக்ஸ்ல ஏறிட்ச்சுன்னா அப்பால அழிக்க முடியாது. போகிக்கு மிந்தி சொல்லிடணும், ஆமா."

அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். தரையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரை வைத்தோம். அக்கா முதலில் பார்த்தது தன் பெட்டியை. அதற்குக் கீழே பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

"பெரியவரை எங்கம்மா வச்ச?"

"இதோ இருக்காரே" என்று உச்சிப் பெட்டியைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அக்கா குனிந்து, அந்தச் சின்ன எழுத்தை வரி வரியாகப் படித்தார். படித்து முடித்தும் நிமிரவில்லை.

"இது மாமாவோட அப்பா. இவரை நான் கண்ணால பாத்ததே இல்ல. நான் கட்டிகினு வரதுக்கு மிந்தியே ஊர்ல போய்ட்டாரு."

"அப்ப பெரியவர் யாருக்கா?"

"எம்புள்ள."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.  பிறகு அவராகவே சொன்னார். முதல் பிள்ளை. தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாமாவின் பெயரை வைத்துவிட்டார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எப்படி? புருஷன் பெயரையே சொல்ல மாட்டார்கள். அதனால் இவருக்கு அந்தப் பிள்ளை பெரியவர் ஆகிவிட்டது. மாமா பெயரைத் தாங்கிய பிள்ளையை வாடா போடா என்று கூப்பிடுவதும் முறையில்லை. ஆகவே வாங்க, போங்க. அவர் கூப்பிடுவதைக் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலும் பெரியவர் எழுந்துட்டாரா, பெரியவர் பால் குடிச்சாரா என்றுதான் கேட்பார்களாம். முதல் பிறந்த நாள் வருவதற்குள் அந்த ஆடி மாதம் வந்துவிட்டது. அதன் பிறகு அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை.

"குவார்ட்டர்ஸே பெரியவர்னுதானே கூப்பிடும். உனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிகினேன்" என்றார். பிறகு, "நான் சரியா சொல்லலியாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது, முழுக்க என் மேல்தான். பல் இல்லாதவர், நடக்க முடியாதவர், ஊட்டிவிட வேண்டியவர், தோளில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியவர். இத்தனை சொல்லியும் ஒரு கிழவரைப் பார்த்தவள் நான். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவள். "நீங்க சரியாத்தான் சொன்னீங்கக்கா, நான்தான் சரியா கேக்கல" என்றேன்.

அக்கா டம்ளர்களை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "போனாப் போவுது, உடு. அச்சடிக்கக் குடுத்துட்ட இல்ல. மேல இருந்தாலும் நம்ம ஊட்டுப் பெட்டிதானே."

மாடிக்கு வந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஆமா. ஒண்ணு இருந்துச்சு. தூளி ஆட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. நானும் சின்னப் பையன்தானே."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யாரும் பேச மாட்டாங்க. அண்ணி அழுவாங்கன்னு அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அப்படியே விட்டுப் போச்சு."

"இப்ப சேர்க்கணும்."

அவர் தயங்கினார். "பண்டிகைக்கு எல்லாரும் குழந்தை குட்டியோட வர்றாங்க. அந்த நேரத்துல இதை மாட்டி வச்சு, ஆளாளுக்கு இது யாரு, இது யாருன்னு அண்ணியைக் கேட்டுட்டு இருப்பாங்க. தேவையா? சரி, அதை விடு. உன்கிட்ட என்ன சான்று இருக்கு? பிறப்புச் சான்றிதழா, போட்டோவா? ஒண்ணும் கிடையாது. சான்று இல்லாம பெட்டி கிடையாதுன்னு எல்லாரையும் அந்த விரட்டு விரட்டினது நீதானே?"

என் விதியை எடுத்து என் மேலேயே வீசிவிட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பேசிய உருப்படியான வாதம் அது ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன்.

"பெத்தவ சொல்றா. மடியில வச்சிருந்தவ சொல்றா. இதைவிட என்ன சான்று வேணும் உங்களுக்கு? அந்த வாத்தியார் போட்ட ஜூன் மாசத்தை எல்லாம் நம்பி ஏத்தினேனே, இதை ஏத்த மாட்டேனா? யாராவது கேட்டா கேக்கட்டும். அக்காவுக்குப் பிள்ளை இருந்தான்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும்."

அவர் அடுப்படிக்குப் போனார். பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு வந்து, "அண்ணி வேணும்னா சேர்த்துடு" என்றார். பிறகு மெதுவாக, "அப்பா அவனை இறக்கியே விட மாட்டாரு. எனக்குப் பொறாமையா இருக்கும்" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட அந்த வரிக்கு ஒரு தனிச் சான்று எழுதினேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். ஒட்டுவது ஒரே சொடுக்கில் முடிந்தது. பிரிப்பதற்கு அப்படி ஒரு வசதியும் இல்லை. ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். பதிவை முதலிலிருந்து போட்டு, இந்தத் தடவை அந்தச் சிறிய கட்டத்தையும் நிரப்பினேன். அக்கா சொன்ன வார்த்தை, சொன்ன இடம். அதே குரல்தான், அதே வார்த்தைகள்தான். பகலெல்லாம் தூங்கி ராவெல்லாம் விழித்திருந்தது ஒரு கைக்குழந்தை. மாமா தூக்கிச் சுமந்தது தன் பேரனை. என்னை வர உடல என்ற வரியில் நிறுத்திவிட்டேன். குழந்தையைப் புதைப்பதுதானே வழக்கம். இது தெரியாதா எனக்கு? அக்கா தினமும் காலையில் ஏரிக்கரைப் பாதையில் நடப்பார், பாதி வழியில் திரும்பிவிடுவார். முட்டிவலி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வேலை மதியம் வரை இழுத்தது. முடிந்தபோது உச்சிப் பெட்டியில் பழையபடி ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. அந்தத் தாத்தாவைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றே இருக்கட்டும்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அக்கா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கண் எதிரிலேயே புதுப் பெட்டியைத் திறந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமனாரின் பெயரைத் தட்டினேன். முன்னால் அக்கா கணவரின் இனிஷியல். "பேர் சரியா இருக்காக்கா?"

எழுத்தெழுத்தாகப் பார்த்தார். உதடு அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பிறந்த மாதம் கேட்டேன். கார்த்திகை, தீபத்துக்கு மறுநாள் என்றார். எழுதினேன். பிறந்த இடம், குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்னறை. எழுதினேன். சான்று என்ற இடத்தில், சொன்னவர் தாய் என்று போட்டேன்.

"அதுல நான் பேசினது எல்லாம் இருக்குமா? பின்னால யாராவது போட்டா கேக்குமா?"

"கேக்கும்க்கா. பதிவையும் சேர்த்து வச்சிருக்கேன்."

"அதுல பெரியவரு பேரை நான் எங்கியும் சொல்லல, இல்ல?"

"இல்லக்கா. பரவால்ல, பேர்தான் நமக்குத் தெரியுமே."

"பேரு சொல்லாம இன்னா சான்று? நீயே யாரோன்னு நெனச்சிகினே இல்ல?" கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "பதிவைப் போடு."

நான் கைப்பேசியை எடுத்துப் போட்டேன். அக்கா நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். இரண்டாவது தடவையும் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்வையை எடுத்துவிட்டார். பிறகு சொன்னார். முழுப் பெயரையும், தெளிவாக. இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் நிறுத்தப் போனேன். இரு என்று கையைக் காட்டினார்.

"ஒரு நாள்கூட அவனை வாடான்னு கூப்ட்டதில்லம்மா. வாங்க, போங்க, சாப்புடுங்கதான். மடியில கெடக்கும்போதும் கண்ணைத் தொறங்கன்னுதான் சொன்னேன்."

கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக, கூப்பிடுகிற மாதிரி. அதோடு இன்னொரு வார்த்தையும் சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பதால் அந்தக் கட்டத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் 'வாடா' என்று எழுதினேன்.